வீட்டிலேயே ‘டபுள் ஐபிஏ’ பீர்: கிட்டுக்குள் என்ன இருக்கு?

அமெரிக்காவில் இருக்கும் நண்பர், ‘வீட்டிலேயே பீர் காய்ச்சினேன்’ என்று போட்டோ அனுப்புகிறாரா? 1978-ல் வந்த சட்டம் அதற்கு வழிவிட்டது. ஆனால், விற்கக் கூடாது.

கிட்டில் இருப்பது மால்ட் சாறு. தண்ணீரில் கரைத்து ஒரு மணி நேரம் கொதிக்க விடுவார்கள். ஆரம்பத்தில் போடும் ஹாப்ஸ் பூ கசப்பு தரும். கடைசியில் போடுவது வாசனை தரும். ஆறியதும் ஈஸ்ட் சேர்த்தால் சர்க்கரை ஆல்கஹாலாகும். ‘டபுள்’ என்றால் மால்ட்டும் ஹாப்ஸும் கூடுதல். ஆல்கஹால் சுமார் 8%.

அவசரப்பட்டால்? நொதித்து முடியும் முன் பாட்டிலில் அடைத்தால், வாயு அழுத்தத்தில் வெடிக்கலாம். ஹைட்ரோமீட்டர் அளவு சில நாட்கள் மாறாமல் இருக்கணும்.

சரி, நம்ம ஊரில் செய்யலாமா? வேண்டாம். தமிழ்நாட்டில் 1937-ஆம் ஆண்டு மதுவிலக்குச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது குற்றம். ‘எனக்கு மட்டும்தான் சார்’ என்பது எடுபடாது.