இலண்டன் புறநகர்களில் பச்சைக்கிளி

இங்கிலாந்தின் இலண்டன் புறநகர்ப் பகுதிகளில் ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகள் கட்டற்று வாழ்கின்றன. இவை செந்தார்ப் பைங்கிளி என்னும் இனத்தைச் சேர்ந்தவை. தமிழ்நாட்டுத் தோப்புகளிலும் கோயில் கோபுரங்களிலும் காணப்படும் அதே இனம். ஐரோப்பாவுக்கே உரிய கிளி எதுவும் இன்று இல்லை. கூண்டில் வளர்ப்பதற்காகக் கப்பலேற்றிக் கொண்டு செல்லப்பட்ட பறவைகளின் வழித்தோன்றல்களே இந்தக் கிளிகள்.

வந்த வழி

இவை எப்படி வந்தன என்பது பற்றி இரண்டு கதைகள் பரவலாகச் சொல்லப்படுகின்றன. 1951 இல் 'தி ஆப்பிரிக்கன் குவீன்' திரைப்படத்தின் படப்பிடிப்புக்காகக் கொண்டுவரப்பட்ட கிளிகள் தப்பின என்பது ஒன்று. இசைக்கலைஞர் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் 1960களில் ஒரு சோடிக் கிளிகளைப் பறக்கவிட்டார் என்பது மற்றொன்று. கிளிகள் காணப்பட்ட இடங்களை வரைபடத்தில் குறித்து ஆராய்ந்த ஆய்வாளர்கள், இவ்விரு கதைகளுக்கும் சான்று இல்லை என்று 2019 இல் அறிவித்தனர்.

உண்மை இதைவிட எளிமையானது. பிரித்தானியாவில் கட்டற்ற கிளி பற்றிய முதல் பதிவு 1855 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதன் பின் பல ஊர்களில், பல காலங்களில், சிறிது சிறிதாகக் கிளிகள் தப்பின அல்லது விடுவிக்கப்பட்டன. 1929-30 காலத்தில் கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் 'கிளிக்காய்ச்சல்' பற்றிய செய்திகள் நாளிதழ்களில் வந்தபோது, அஞ்சிய பலர் தம் கிளிகளைத் திறந்துவிட்டிருக்கலாம் என்றும் அந்த ஆய்வு கூறுகிறது. நிலையான இனப்பெருக்கம் 1969 இல் கெண்ட் மாவட்டத்தில் தொடங்கியது. 1983 இல் இவ்வினம் பிரித்தானியப் பறவைகளின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பின்னைய மதிப்பீடு ஒன்று, இனப்பெருக்கம் செய்யும் சோடிகள் ஏறத்தாழ 12,000 என்கிறது.

ஐரோப்பியக் கிளிகளின் மரபணுவை ஆராய்ந்தபோது, பெரும்பாலானவற்றின் மூதாதையர் பாகிஸ்தான், வட இந்தியப் பகுதிகளைச் சேர்ந்தவை எனத் தெரிந்தது. அங்கே குளிர்காலம் கடுமையாக இருக்கும். இலண்டன் குளிரை இவை தாங்குவதற்கு இது ஒரு காரணம். வீட்டுத் தோட்டங்களில் மக்கள் தொங்கவிடும் நிலக்கடலையும் விதைகளும் மற்றொரு காரணம்.

அடையாளம் காணல்

வாலுடன் சேர்த்து சுமார் 40 செ.மீ. நீளமுள்ள இப்பறவை, இலை நிறப் பச்சை உடலும் சிவந்த மேல் அலகும் நீண்ட கூரிய வாலும் கொண்டது. வளர்ந்த ஆணின் கழுத்தில் கறுப்பும் இளஞ்சிவப்பும் கலந்த வளையம் இருக்கும். பெண்ணுக்கும் இளம் பறவைக்கும் அவ்வளையம் தெளிவாக இராது. தோளில் கருஞ்சிவப்புத் திட்டு இருந்தால் அது உருவில் பெரிய வேறோர் இனமாகிய பெரிய பச்சைக்கிளி.

இலை அடர்ந்த மரத்தில் அமர்ந்த கிளியைக் காண்பது கடினம். எனவே முதலில் காதையே நம்ப வேண்டும். 'கீ... கீ' என்ற கூர்மையான கத்தல் கேட்டவுடன் மேலே பார்த்தால், வேகமாகச் சிறகடித்து நேர்கோட்டில் செல்லும் கூட்டம் தென்படும். ரிச்மண்ட் பூங்கா, புஷி பூங்கா, கியூ தாவரவியல் தோட்டம் ஆகியவை இவற்றை எளிதாகக் காணத்தக்க இடங்கள். மாலையில் கூட்டங்கள் ஒரே திசையில் பறந்தால், அத்திசையில் இரவு அடையும் மரங்கள் இருக்கக்கூடும். இலையுதிர்ந்த குளிர்காலமே எண்ணிக் கணக்கெடுக்க ஏற்றது. சர்ரே மாவட்டத்தின் ஈஷர் பகுதியில் ஒரு விளையாட்டுத் திடலை ஒட்டிய பாப்ளர் மரங்களில் 2000களின் தொடக்கத்தில் ஆயிரக்கணக்கான கிளிகள் அடைந்தன.

பிற பறவைகளுக்குத் தீங்கா?

கிளி தானாக மரத்தைக் குடைந்து பொந்து அமைப்பதில்லை. மரங்கொத்தி விட்டுச்சென்ற பொந்தை அகலப்படுத்திக்கொள்ளும். அதுவும் குளிர்காலம் முடியுமுன்பே பொந்தைப் பிடித்துவிடும். பின்னால் கூடு தேடும் பறவைகளுக்கு இடம் குறையலாம். பெல்ஜியத்தில் நடந்த ஆய்வு, நட்ஹேட்ச் என்னும் சிறு பறவை இதனால் பாதிக்கப்படக்கூடும் என்றது. பிரித்தானியாவில் 2011 இல் வெளியான ஆய்வோ அப்பறவையின் எண்ணிக்கையில் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்றது. தீனித்தட்டில் கிளி இருக்கும்போது பட்டாணிக்குருவிகள் குறைவாகவே உண்கின்றன என்று 2014 இல் வெளியான இலண்டன் ஆய்வு காட்டியது. ஆனால் கிளிகளோடு பழகிய பகுதிகளில் அந்த அச்சம் குறைவாக இருந்தது. இன்னொரு பக்கம், நகரில் வாழும் பொரி வல்லூறுகளுக்குக் கிளியே இரையாகிறது.

சட்டம்

இங்கிலாந்தில் காட்டுப்பறவைகள் பொதுவாகச் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. எனினும் பயிர்ச்சேதம் போன்ற காரணங்களுக்காகக் கிளிகளைக் கட்டுப்படுத்த 2010 முதல் பொது உரிமம் இடமளிக்கிறது. வளர்ப்புக் கிளியைத் திறந்துவிடுவது குற்றம். இந்தியாவிலோ 1972 ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இதே கிளியைப் பிடிப்பதும் விற்பதும் கூண்டில் வைத்திருப்பதும் குற்றம். ஒரு நாட்டில் கூண்டைத் திறப்பது தவறு. மற்றொரு நாட்டில் கூண்டில் அடைப்பதே தவறு. இரண்டு சட்டங்களுக்கும் பின்னணியில் இருப்பது ஒரே கூண்டுப்பறவை வணிகம்.

பதிவின் பயன்

அயல் பறவை என்பதற்காக வெறுப்பதும், அழகு என்பதற்காகத் தீங்கே இல்லை எனச் சொல்வதும் முடிவுக்கு உதவா. கண்ட நாள், நேரம், இடம், எண்ணிக்கை, பொந்தில் எந்தப் பறவை இருந்தது என்பவற்றைப் பறவை நோக்குவோர் குறித்துவைத்தால், இக்கேள்விக்கு விடை காண அது உதவும். கிளிக்கதைகள் இரண்டையும் சரிபார்க்க முடிந்ததும், அக்காலத்தவர் எழுதிவைத்த குறிப்புகள் இருந்ததனால்தான்.