குளிர்மலையிலும் வியர்க்கும் பெண்கள்

பழனியிலிருந்து கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையில் இருக்கிறது வடகவுஞ்சி. காப்பியும் மிளகும் விளையும் ஊர். மார்கழி இரவுகளில் இரண்டு கம்பளி போர்த்தினாலும் குளிர் அடங்காது. அப்படிப்பட்ட இரவிலும் கம்பளியை உதறிவிட்டு, கதவைத் திறந்து வாசலில் வந்து நிற்கும் பெண்கள் இங்கே உண்டு. வயது நாற்பத்தைந்து முதல் ஐம்பதுக்குள் இருக்கும். கேட்டால், 'உடம்பு சூடு' என்பார்கள். மோர் குடிப்பார்கள், வெந்தயத்தை ஊறவைத்து விழுங்குவார்கள், எண்ணெய் தேய்த்துக் குளிப்பார்கள். மறுநாள் உறக்கம் கெட்ட உடம்போடு தோட்டத்துக்குப் போவார்கள். எடைக்குக் கூலி என்றிருக்கும் இடங்களில், அந்த உறங்காத இரவின் விலை மாலையில் தராசிலேயே தெரிந்துவிடும்.

மருத்துவர்கள் 'ஹாட் ஃபிளஷ்' என்று குறிப்பிடும் இந்தத் திடீர் வெப்பத்துக்கும் ஊரின் தட்பவெப்பத்துக்கும் பெரிய தொடர்பில்லை. மூளையின் ஹைபோதலாமஸ் பகுதிதான் உடல் வெப்பத்தைக் காக்கிறது. சாதாரணமாக அது சிறிய ஏற்ற இறக்கங்களைப் பொருட்படுத்துவதில்லை. மாதவிடாய் நிற்பதற்கு முந்தைய ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜென் சுரப்பு சீராக இல்லாமல் தாறுமாறாக ஏறி இறங்குகிறது. அப்போது அந்தப் பொறுமையின் எல்லை சுருங்கிவிடுகிறது. உடல் வெப்பம் இம்மி கூடினாலும் பெரும் சூடு என்று கருதி, தோலுக்கு ரத்தத்தைப் பாய்ச்சி, வியர்வையைக் கொட்டவைக்கிறது. சில நிமிடங்களில் அடங்கி, குளிர் நடுக்கம் தொடங்கும்.

'கொஞ்ச நாளில் சரியாகிவிடும்' என்ற ஆறுதல் எல்லோருக்கும் பொருந்தாது. பல இனப் பெண்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த அமெரிக்க ஆய்வொன்றின் முடிவு 2015-ல் வெளியானது. அடிக்கடி இத்தொல்லைக்கு ஆளானவர்களில் பாதிப் பேருக்கு அது 7.4 ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. மாதவிடாய் நிற்கும் முன்பே தொடங்கியவர்களுக்கு இன்னும் நீண்ட காலம். ஏழாண்டு உறக்கக்கேட்டைப் பொறுத்துக்கொள் என்று ஆண்களிடம் யாரேனும் சொல்லியிருப்பார்களா என்று தெரியவில்லை.

இதற்கு நன்கு பயன்தரும் மருந்து ஹார்மோன் சிகிச்சை. வெப்பத் தாக்குதல்களின் எண்ணிக்கையை அது ஏறத்தாழ முக்கால் பங்கு குறைக்கிறது. ஆனால், 2003-ல், என் நாற்பத்தேழாவது வயதில், நான் கேட்டபோது மருத்துவர் மறுத்துவிட்டார். 'புற்றுநோய் வரும்' என்ற ஒரே வாக்கியத்தில் உரையாடல் முடிந்தது. அந்த அச்சம் எங்கிருந்து வந்தது என்பதைப் பொருளியல் படித்தவள் என்ற முறையில் பின்னர் தேடிப் படித்தேன்.

அமெரிக்காவில் 16,608 பெண்களிடம் நடந்த 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வின் ஒரு பகுதி 2002 ஜூலையில் இடையிலேயே நிறுத்தப்பட்டது. மார்பகப் புற்றுநோய் 26 சதவீதம் கூடியது என்று உலகெங்கும் செய்தி பரவியது. சதவீதம் எப்போதும் 'எதன் சதவீதம்' என்ற கேள்வியோடு வர வேண்டும். ஆண்டுக்குப் பத்தாயிரம் பெண்களில் 30 பேருக்கு வந்த நோய், கூட்டு மருந்து உண்டவர்களில் 38 பேருக்கு வந்தது. அதாவது கூடுதலாக எட்டுப் பேர். அது அலட்சியப்படுத்தத்தக்க எண் அன்று. அலறியடித்து ஓடத்தக்கதும் அன்று. மேலும், அப்பெண்களின் சராசரி வயது 63. ஐம்பதைத் தொடாத பெண்ணின் வெப்பத் தொல்லையைத் தீர்ப்பதற்காக நடந்த ஆய்வே அல்ல அது. கருப்பை அகற்றப்பட்டு, ஈஸ்ட்ரோஜென் மட்டும் எடுத்துக்கொண்டவர்களிடம் மார்பகப் புற்றுநோய் கூடவில்லை என்பதும் பின்னர் தெரிந்தது. இம்மருந்துகளின் உறையில் அச்சிடப்பட்டுவந்த கடும் எச்சரிக்கைகளில் பெரும்பாலானவற்றை நீக்கப்போவதாக அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2025 நவம்பரில்தான் அறிவித்தது.

இதனால் கடையில் கேட்டு வாங்கி விழுங்கலாம் என்று பொருளாகாது. மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, பக்கவாதம், மாரடைப்பு, கல்லீரல் நோய் கண்டவர்களுக்கு இச்சிகிச்சை பொதுவாக ஏற்றதல்ல. காரணம் தெரியாத ரத்தப்போக்கு இருந்தால் முதலில் அதைச் சோதிக்க வேண்டும். கருப்பை உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜெனோடு புரோஜெஸ்ட்ரோனும் சேர்த்தே எடுக்க வேண்டும். இல்லாவிடில் கருப்பை உட்சுவர்ப் புற்றுநோய்க்கு வழிதிறக்கும். தோலில் ஒட்டும் பட்டை, தடவும் ஜெல் ஆகியவை மாத்திரையைவிட ரத்தக்கட்டு அபாயம் குறைந்தவை. அறுபது வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்ற பத்தாண்டுகளுக்குள் தொடங்குவோருக்கே நன்மை மிகுதி. நம் நாட்டில் இன்னொன்றையும் மறக்கக்கூடாது: இரவு வியர்வை காசநோயின் அறிகுறியும்கூட. தைராய்டு மிகைச் சுரப்பும் இதே வேடத்தில் வரும். ஹார்மோன் வேண்டாதவர்களுக்கு, குறைந்த அளவில் தரப்படும் சில மனச்சோர்வு மருந்துகளும் ஓரளவு கைகொடுக்கின்றன.

ஒரு வேடிக்கை: 1940-களில் ரசல் மார்க்கர் என்ற வேதியியலாளர் மெக்சிகோவின் காட்டு வள்ளிக்கிழங்கிலிருந்து புரோஜெஸ்ட்ரோனைத் தயாரித்துக் காட்டிய பிறகுதான் அது மலிவானது. அந்தக் கிழங்கின் உறவினங்களை இம்மலையின் பளியர்கள் காலங்காலமாகத் தோண்டி உண்கிறார்கள். கிழங்கை அப்படியே தின்றால் உடலில் ஹார்மோன் உண்டாகாது. அந்த மாற்றம் ஆய்வுக்கூடத்தில்தான் நிகழும்.

சிக்கல் மருந்தைவிட, கேட்கப்படாத கேள்வியில் இருக்கிறது. தேசியக் குடும்பநல ஆய்வு 15 முதல் 49 வயது வரையிலான பெண்களிடமே நேர்காணல் நடத்துகிறது. மகப்பேறு முடிந்தால் பெண்ணின் உடல்நலமும் முடிந்துவிடுகிறது என்பதுபோல் புள்ளிவிவரத்தின் கண் அங்கே மூடிக்கொள்கிறது. கணக்கில் வராத துயரத்துக்கு நிதி ஒதுக்கீடும் வராது. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பெண் தன்னார்வலர்களே வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். 'இரவில் வியர்த்து விழிக்கிறீர்களா? மாதவிடாய் எப்படி இருக்கிறது?' என்ற இரண்டு கேள்விகளை அவர்களின் படிவத்தில் சேர்க்கத் தனிக் கட்டடமோ புதிய பணியிடமோ தேவையில்லை. தேவை இருப்பவர்களை ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் அனுப்பலாம். ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்ட்ரோன் மாத்திரைகளை அங்கேயே இலவசமாகத் தரலாம். வடகவுஞ்சிப் பெண்ணுக்கு இதற்காகப் பழனிக்கு இறங்கி ஏறினால் ஒரு நாள் கூலி போய்விடும். பெரும்பாலும் அவர் போவதேயில்லை.