ரப்பர் உடையும் சனிக்கிழமை எண்ணெயும்

சென்ற சித்திரையில் வேலப்பன்சாவடியிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். வைகாசியில் கல்யாணம். "டாக்டரய்யா, உடம்பு பூரா வேர்க்குரு. நேத்து மொட்டை மாடியில தலை சுத்தி உட்கார்ந்துட்டேன்" என்றார்.

விசாரித்தால், தொந்தி கரைய வேண்டும் என்று கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒட்டிப் பிடிக்கும் லேடெக்ஸ் உடையை வரவழைத்து, அதோடு தினமும் ஒரு மணி நேரம் நடந்திருக்கிறார்! "ஒரு கிலோ குறையுது சார்" என்று பெருமை வேறு. தம்பி, குறைந்தது தண்ணீர்; கொழுப்பு அல்ல. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பி வந்துவிடும்.

வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ரப்பருக்குள் அது ஆவியாக வழியில்லை. உள்ளே சூடு ஏறிக்கொண்டே போகும். அமெரிக்காவில் 1997 நவம்பர், டிசம்பரில் மூன்று கல்லூரி மல்யுத்த வீரர்கள், எடை குறைக்க இப்படி ஆவி வெளியேறாத உடையில் பயிற்சி செய்து இறந்தே போனார்கள். 1998-ல் அங்கே கல்லூரிப் போட்டிகளில் ரப்பர் உடையைத் தடை செய்தார்கள்.

அப்படியானால் தொடவே கூடாதா? மேடைக்கோ, ஆசைக்கோ போடுகிறவர்கள் மின்விசிறி, ஏ.சி. உள்ள இடத்தில் கொஞ்ச நேரம் போடலாம். உடற்பயிற்சிக்கு வேண்டவே வேண்டாம். தலை சுற்றினால் உடனே கழற்றுங்கள்.

வாங்கும் முன் ஒரு கேள்வி: பலூன் ஊதினாலோ ரப்பர் கையுறை போட்டாலோ அரிக்கிறதா? லேடெக்ஸ் என்பது கன்னியாகுமரித் தோட்டங்களில் வடிக்கிறார்களே, அந்த ரப்பர் மரத்துப் பால்தான். அதிலுள்ள புரதம் சிலருக்கு ஆகாது. வாழைப்பழம், பப்பாளி தின்றால் வாய் அரிக்கிறவர்களும் உஷாராக இருக்க வேண்டும். மூச்சு இறைத்தால் என் கஷாயத்துக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

அளவெடுக்கும்போது மார்பு, இடுப்பு, தொடை போதாது. தோளில் தொடங்கி கவட்டை வழியாக மறுபடி தோள் வரை ஒரு சுற்று அளக்க வேண்டும். அது குறைந்தால் குனிய முடியாது. போடுமுன் நகத்தை வெட்டி, உடம்பில் லேசாகப் பவுடர் பூசிக்கொள்ளுங்கள். செப்புக் காப்பு, மோதிரம் பட்டால் கறை பிடிக்கும், போகாது.

கழற்றியதும் வெதுவெதுப்பான தண்ணீரில், மிதமான சோப்பில் இரு பக்கமும் அலசி, நிழலில் உலர்த்திப் பவுடர் தூவி இருட்டான அலமாரியில் வையுங்கள். வெயில் ஆகாது.

அந்தப் பையனுக்கு மருந்தென்று பெரிதாக எதுவும் தரவில்லை. உடையை நிறுத்தச் சொல்லி, பாசிப்பயறு மாவு தேய்த்து இரண்டு வேளைக் குளியல், தளர்வான பருத்தி வேட்டி, நன்னாரித் தண்ணீர். பத்து நாளில் வேர்க்குரு அடங்கியது. கிளம்பும்போது, "தொடைப் பக்கம் பிசுபிசுன்னு ஆகிக் கிழிஞ்சுடுச்சு, மட்ட சரக்கு போல" என்று அலுத்துக்கொண்டார்.

"சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பியா?"

"ஆமாங்கய்யா, அம்மா விடமாட்டாங்க."

சரக்கு மட்டமில்லை. நல்லெண்ணெய் பட்டால் ரப்பர் ஊறி இளகிவிடும்!