புள்ளி கிடைக்கிறது, கட்டம் கிடைப்பதில்லை

வெங்கி ராமகிருஷ்ணனின் ரைபோசோம் ஆய்வைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதியதிலிருந்து கடிதங்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பாதிக்கு மேல் ஒரே சந்தேகம்தான்: "ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தால் படம் உடனே கைக்கு வந்துவிடுகிறது. புரதத்துக்கு மட்டும் ஏன் மாதக்கணக்கில் கணக்குப் போடுகிறார்கள்?" இதற்கிடையில், சின்க்ரோட்ரானில் எக்ஸ்ரே பாய்ச்ச ஒதுக்கும் நேரத்தை (பீம்டைம்) கேட்டு விண்ணப்பிக்கும் கெடு நெருங்குகிறது, கட்டத்தை எப்படிக் கண்டுபிடிக்கப் போகிறாய் என்று கைடு கேட்கிறார், என்ன எழுதுவது என்று ஓர் ஆராய்ச்சி மாணவி கேட்டிருக்கிறார். இருவருக்கும் பதில் ஒன்றுதான்.

சின்க்ரோட்ரானில் எலெக்ட்ரான்கள் வளையத்தில் சுற்றுவது, காந்தம் அவற்றைத் திருப்பும்போது எக்ஸ்ரே பிறப்பது, புரதத்தைப் படிகமாக்கி அதில் பாய்ச்சுவது எல்லாம் தெரிந்த கதை. தாண்டிப் போகிறேன்.

இங்கிலாந்திலுள்ள டயமண்ட் சின்க்ரோட்ரான் மையம் தன்னைப் பிரம்மாண்டமான நுண்ணோக்கிக்கு ஒப்பிட்டுக்கொள்கிறது. தன் ஒளி சூரியனைவிட 1,000 கோடி மடங்கு பிரகாசம் என்றும் சொல்கிறது. பிரகாசத்தில் எனக்கு வழக்கில்லை. நுண்ணோக்கி என்பதில்தான் இருக்கிறது. நுண்ணோக்கி என்றால் லென்ஸ் வேண்டும். பொருளில் பட்டுச் சிதறிய ஒளியை மறுபடி கூட்டி உருவமாக்குவது அதுதான். புரதத்தின் அணுக்களைப் பிரித்துக் காட்டும் அளவுக்கு எக்ஸ்ரேயைக் கூட்டித் தரும் லென்ஸ் கிடையாது. அதனால், வளையத்திலிருந்து எக்ஸ்ரேயைப் படிகத்துக்குக் கொண்டுவரும் பீம்லைனின் கடைசியில் உள்ள டிடெக்டரில் உருவம் விழுவதில்லை. ஆயிரக்கணக்கான புள்ளிகள் விழுகின்றன. லென்ஸின் வேலை கணினியின் தலையில்.

ஒவ்வொரு புள்ளியும் ஓர் அலை. எவ்வளவு உயரம், முகடு எங்கே விழுகிறது என்ற இரண்டும் தெரிந்தால்தான் அலைகளைக் கூட்ட முடியும். டிடெக்டர் உயரத்துக்கு மட்டும் கணக்கு வைக்கிறது. மிருதங்கக் கச்சேரியைக் குறித்துக்கொள்ள உட்கார்ந்தவர், ஒவ்வொரு அடியும் எவ்வளவு ஓங்கி விழுந்தது என்று எழுதிவிட்டு, தாளத்தில் எந்த இடத்தில் விழுந்தது என்பதை விட்டுவிட்ட மாதிரி. அந்தத் தாளைப் பார்த்து யாராலும் வாசிக்க முடியாது. தொலைந்துபோன அந்த இடத்துக்குத்தான் 'கட்டம்' என்று பெயர்.

அளந்தது பாதி, மற்ற பாதியை வேறு எங்கிருந்தோ கொண்டுவர வேண்டும். என்னை உறுத்துவது, கொண்டுவந்த பாதியின் கையே ஓங்கியிருப்பதுதான். யார்க் பல்கலைக்கழகத்தின் கெவின் கவ்டன் இதை விளையாட்டாகவே காட்டியிருக்கிறார். வாத்துப் படத்திலிருந்து அலை உயரங்களையும் பூனைப் படத்திலிருந்து கட்டங்களையும் எடுத்துச் சேர்த்தார். வந்தது பூனை. அளந்தது என்னவோ வாத்தைத்தான்.

கட்டத்தை நேர்மையாகக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. அதற்கு அடிகோலியவர்களில் சென்னைக்காரர்களும் இருக்கிறார்கள் என்பது நம் ஊரிலேயே பலருக்குத் தெரியாது. படிகத்திலிருந்து எதிரெதிராக விழும் இணைப் புள்ளிகள் சாதாரணமாக ஒரே அளவில் இருக்கும். சில அணுக்கள் மட்டும், தமக்கென்று உள்ள ஓர் ஆற்றலுக்கு அருகில் எக்ஸ்ரே வந்தால், முரண்டுபிடித்துச் சிதறடிக்கும். இணை சற்றே பிசகும். அந்தப் பிசகிலிருந்து கட்டத்தைப் பிடிக்கலாம் என்று 1956இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரனும் எஸ். ராமனும் எழுதினார்கள்.

பீம்லைனின் உண்மையான பெருமை எனக்கு இங்கேதான் தெரிகிறது. ஆய்வகத்திலுள்ள தாமிர எக்ஸ்ரே குழாய்க்கு ஒரே சுருதி, ஏறத்தாழ 8 கிலோ எலெக்ட்ரான் வோல்ட். சின்க்ரோட்ரானில் வேண்டிய ஆற்றலுக்குச் சுருதி சேர்க்கலாம். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் வேய்ன் ஹென்ட்ரிக்சன் இதற்கு ஒரு தந்திரம் செய்தார். தனிம அட்டவணையில் கந்தகத்துக்கு நேர் கீழே இருப்பது செலினியம். மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் கந்தகம் இருக்கும் இடத்தில் செலினியத்தை வைத்து பாக்டீரியாவுக்குத் தீனி போட்டால், ஆள் மாறியது தெரியாமல் அது புரதத்தைக் கட்டிவிடுகிறது. பிறகு எக்ஸ்ரேயை 12.66 கிலோ எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு அருகே நிறுத்தினால் செலினியம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

பிசகு சில சதவீதம்தான். அதிலும் எது பெரியது, எது சிறியது என்பதில்தான் எல்லாம். அமெரிக்காவின் ஸ்க்ரிப்ஸ் நிலையத்தில் ஜெஃப்ரி சாங் குழு பயன்படுத்திய ஒரு நிரல், இணைப் புள்ளிகளின் இரண்டு நெடுவரிசைகளை இடம் மாற்றிவிட்டது. கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய வரைபடத்தில் புரதத்தைக் கட்டினார்கள். வேறொரு குழு 2006இல் ஒத்த புரதம் ஒன்றின் அமைப்பை வெளியிட்டபோதுதான் குட்டு உடைந்தது. 5 கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றில் 3 'சயன்ஸ்' இதழில் வந்தவை. மோசடி இல்லை, கவனப்பிசகுதான். ஆனால் பிசகு நடந்தது பீம்லைனில் அல்ல; எத்தனை கோடி மடங்கு பிரகாசம் இருந்தாலும் அது காப்பாற்றியிருக்காது.

இன்று பெரும்பாலோர் இந்தப் பாடு படுவதில்லை. ஒத்த புரதத்தின் பழைய அமைப்பிலிருந்தோ ஆல்ஃபாஃபோல்டு என்ற செயற்கை நுண்ணறிவு நிரலின் ஊகத்திலிருந்தோ கட்டத்தைக் கடன் வாங்குகிறார்கள். பூனையை மறந்துவிட வேண்டாம்.

மற்றக் கேள்விகள்:

இப்படிப்பட்ட பீம்லைன் இந்தியாவில் உண்டா? உண்டு, இந்தூரில் இண்டஸ்-2 வளையத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் பொறுப்பில் பிஎக்ஸ்-பிஎல்21.

படிகத்தை ஏன் உறைய வைக்கிறார்கள்? எக்ஸ்ரே படிகத்தையே சிதைக்கும். 100 கெல்வின் குளிரில் சிதைவு மெதுவாகும்.

கிரையோ எலெக்ட்ரான் நுண்ணோக்கியிலும் கட்டம் தொலையுமா? தொலையாது, அங்கே லென்ஸ் இருக்கிறது.

கடன் வாங்கிய கட்டத்தைச் சோதிக்க முடியுமா? ஓரளவு, புள்ளிகளில் சிறு பங்கை அமைப்பைச் செம்மை செய்யும்போது தொடாமல் ஒதுக்கி, கடைசியில் ஒப்பிடுவார்கள்.

அளவீடுகளை நாமும் பார்க்கலாமா? புரதத் தரவு வங்கியில் இலவசமாகப் பார்க்கலாம். 2008 பிப்ரவரி முதல் அமைப்போடு புள்ளிகளின் அளவுகளையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். டிடெக்டரில் விழுந்த மூலப் படங்களைக் கொடுப்பது மட்டும் அங்கே இன்னும் கட்டாயம் ஆகவில்லை.