கடைசி ஐந்து மீட்டர்

“யாரும் பார்க்கலையே சித்தி? டக்குனு அந்த ஸ்கர்ட்டைத் தூக்குங்க!”

சியாட்டில் பக்கத்தில் ஒரு சூப்பர் மார்க்கெட் கார் பார்க்கிங். சொன்னது அக்கா மகன், வயது 11. அவன் விரல் நீட்டியது விளக்குக் கம்பத்தை நோக்கி. அங்கே கம்பத்தின் அடியில் இருக்கும் போல்ட்டுகளை மறைக்க ஒரு தகரக் கவசம் மாட்டியிருப்பார்கள். அதற்குத்தான் ஸ்கர்ட் என்று பெயர். பல கம்பங்களில் அது சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது, இழுத்தால் மேலே வந்துவிடும்! இந்த ரகசியம் தெரியாமலேயே இவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறேன்.

தூக்கினேன். கிறீச்! உள்ளே அந்தக் காலத்து கேமரா ஃபிலிம் டப்பா ஒன்று. அதற்குள் சுருட்டி வைத்த காகிதம் முழுக்கத் தேதிகளும் கையெழுத்துகளும். நானும் ஒரு ஓரத்தில் தமிழில் கையெழுத்துப் போட்டேன். அதற்குள் தள்ளுவண்டியோடு ஒருவர் வர, பையன் “மகுள்! மகுள்!” என்று சீறினான். ஹாரி பாட்டர் கதைகளில் மந்திரம் தெரியாத சாதாரண ஜனங்களுக்கு அந்தப் பெயர். இங்கே, இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கு. நான் சட்டென்று குனிந்து ஷூ லேஸ் கட்டுவதுபோல பாவனை செய்தேன். போட்டிருந்ததோ செருப்பு.

இதுதான் ஜியோகேஷிங். முதல் நாள் அவன் “பக்கத்துலயே ஒரு கேஷ் இருக்கு” என்றபோது காசு என்று நினைத்துதான் கூடவே கிளம்பினேன், மறைப்பானேன்! யாரோ ஒளித்து வைத்த டப்பா, அதன் அட்சரேகை தீர்க்கரேகை போனில். போன் நம்மைக் கிட்டத்தில் கொண்டுபோய் விட்டுவிட்டு, கடைசி ஐந்து மீட்டரில் கையை விரித்துவிடும். அதன் பிறகு கண்ணும் விரலும்தான்.

2000-ம் ஆண்டு மே மாதம் வரை இவ்வளவு கிட்டத்தில் போவதும் நடக்காது. பொதுமக்களுக்கு வரும் ஜிபிஎஸ் சிக்னலை அமெரிக்க அரசு வேண்டுமென்றே மழுக்கி வைத்திருந்தது. நூறு மீட்டர் வரை பிசகும். அந்த மே மாதத் தொடக்கத்தில் அதை விலக்கினார்கள். உடனே மே 3-ம் தேதி, ஆரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் அருகே டேவ் உல்மர் என்பவர் ஒரு கறுப்பு வாளியை ஒளித்து வைத்து, இடத்தை இணையத்தில் சொன்னார். உள்ளே புத்தகம், கவண், கொஞ்சம் பணம், ஒரு டின் பீன்ஸ். இன்று உலகம் முழுக்க 30 லட்சத்துக்கு மேல் டப்பாக்கள். பீன்ஸுக்கு மட்டும் இப்போது தடை. சாப்பாட்டு வாசனைக்கு மிருகங்கள் வந்து பிய்த்துவிடுமாம்.

சரி, ஒளிப்பவர்களை யார் பார்த்திருக்கிறார்கள்? நான் பார்த்தேன்! அக்கா தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ஒருவரின் கராஜுக்குள் பையன் என்னை இழுத்துப் போனான். மேசை மேல் ஒரு பைன் காய், அடியில் துளை போட்டு. பட்டன் அளவுக்கு ஒரு காந்த டப்பா. அப்புறம் ஒரு போல்ட். சாதாரண போல்ட்தான், ஆனால் தலையைத் திருகினால் கழன்றது, உள்ளே குடைந்திருந்தது! புது போல்ட் பளபளவென்று காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் வினிகரும் உப்பும் தடவித் துரு ஏற்றிக்கொண்டிருந்தார். கல்யாணப் பெண்ணுக்கு மேக்கப் போடுவதுபோல அப்படி ஒரு கவனம். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர், அதில் மூழ்கிக் கிடந்தன நாலைந்து டப்பாக்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு டிஷ்யூ பேப்பர். காலையில் டிஷ்யூ ஈரமாயிருந்தால் அந்த டப்பா ஃபெயில். சியாட்டில் மழை அப்படி.

நினைத்த இடத்திலும் வைத்துவிட முடியாது. இன்னொரு டப்பாவிலிருந்து 161 மீட்டராவது தள்ளியிருக்க வேண்டும், குழி தோண்டக் கூடாது, நிலத்துக்காரர் அனுமதி வேண்டும். தன்னார்வலர் ஒருவர் சரிபார்த்த பிறகுதான் வரைபடத்தில் ஏறும். எனக்கு ரொம்பப் பிடித்த விதி வேறு: ஒளித்தவரே அதைப் பராமரிக்க வேண்டும். சுற்றுலா வந்த இடத்தில் ஒன்றை வைத்துவிட்டு ஊருக்கு நழுவ முடியாது. ஆக, அநேகமாக ஒவ்வொரு டப்பாவும் அந்த ஊர்க்காரர் கைப்பட வைத்தது!

அதன் பலனை மறுநாளே அனுபவித்தேன். சியாட்டிலின் ஃப்ரீமாண்ட் பகுதியில் பாலத்தடியில் ஒரு பெரிய பூதச் சிலை, கையில் ஒரு நிஜ ஃபோக்ஸ்வேகன் கார். பார்த்தேன், படம் எடுத்தேன், கூட்டத்தில் இடிபட்டேன். வழிகாட்டிப் புத்தகம் அதோடு முடிந்தது. ஆனால் கராஜ் பெரியவரின் பழைய டப்பா ஒன்று எங்களை எந்தப் புத்தகத்திலும் வராத ஒரு படிக்கட்டுக்குக் கொண்டுபோனது. இரண்டு வீட்டு வேலிகளுக்கு நடுவே மேலே மேலே போகும் படிக்கட்டு. கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டே ஏறினேன். மேல்படியில் கம்பிக்கு அடியில், விரல் நுனியில் ஏதோ இடறியது. “கிடைச்சிருச்சுடா!” என்று கத்தித் திரும்பினால், எதிரே வெள்ளையாக ரெய்னியர் மலை. முக்கால்வாசி நாள் மேகத்துக்குள் இருக்கும் சுமார் 4,390 மீட்டர் மலை. அது தெரியும் நாளில் அந்த ஊர்க்காரர்கள் “மலை வெளியே வந்திருக்கு” என்பார்கள், ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் வாசலுக்கு வந்ததுபோல. பெரியவர் தினமும் காபிக் கோப்பையோடு உட்காரும் படி அதுதானாம். பையன் பின்னாலிருந்து “சித்தி, கையெழுத்துப் போடுங்க, மகுள் வருது” என்று அவசரப்படுத்தினான்.

சென்னை வந்து இறங்கிய அன்றே எங்கள் தெரு விளக்குக் கம்பத்தடியில் குனிந்து பார்த்தேன். ஸ்கர்ட் இல்லை. மூடி திறந்து, இரண்டு ஒயர் வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.