பீர் கிட்டில் கூடுதலாக எதைச் சேர்க்கலாம்?

ஆஸ்திரேலியாவில் வீட்டில் பீர் தயாரிக்கும் பலரும் 1.7 கிலோ டின்னில்தான் தொடங்குகிறார்கள். முளைகட்டிய பார்லியின் கெட்டிச் சாறு அது. கசப்புக்கான ஹாப்ஸும் சேர்ந்தே வரும். கூட 1 கிலோ சர்க்கரை, ஈஸ்ட், தண்ணீர். மொத்தம் 23 லிட்டர்.

சிக்கலே அந்தச் சர்க்கரைதான். மிச்சமில்லாமல் ஆல்கஹாலாகிவிடும், பீர் சப்புன்னு இருக்கும். அதற்குப் பதில் மால்ட் பவுடர் போட்டாலே ருசி கூடிடும். வாசனைக்கு, நொதித்தல் அடங்கும்போது கொஞ்சம் ஹாப்ஸ்.

பழம்தான் ஆபத்து. அதிலும் சர்க்கரை இருக்கே! ஹைட்ரோமீட்டரில் அடர்த்தி மூன்று நாள் மாறாமல் நின்ற பிறகே பாட்டிலில் அடைக்கணும். அவசரப்பட்டால் உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் வெடிக்கும்.

இங்கே செய்து பார்க்கலாமா? தமிழ்நாட்டில் உரிமம் இல்லாமல் மது தயாரிப்பது 1937 மதுவிலக்குச் சட்டப்படி குற்றம், நமக்கு மட்டும்தான் என்றாலும்.