இடக்கையாலும் கிற்றார் பழகலாம்

"அக்கா, எனக்கு இது சரிவராது போல கிடக்கு" என்று கிற்றாரை மேசையில் வைத்துவிட்டுப் போன பிள்ளை இரண்டு கிழமைகளாக வரவேயில்லை. எமது மகளிர் நிலையத்தில் சனிக்கிழமைகளில் நான் நடத்தும் சிறு வகுப்பில் அவள் ஒருத்திதான் இடக்கைப் பழக்கமுள்ளவள். "எல்லாரையும் போல வலக்கையால் மீட்டும்" என்று சொன்னது நான்தான். சின்ன வயதில் இடக்கையால் சாப்பிட்டு அடி வாங்கியவளுக்கு அந்தச் சொல் எப்படி இருந்திருக்கும்? சமூகவியல் படித்த எனக்கு அது அந்நேரம் உறைக்கவில்லை.

அவளுக்காகத் தேடியபோதுதான் எலிசபெத் கொட்டனைப் பற்றி அறிந்தேன். 1890களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினப் பெண். சிறுமியாக வீட்டுவேலைக்குப் போய்ச் சேர்த்த காசில் கிற்றார் வாங்கினார். இடக்கைக்காரியான அவர் வலக்கைக் கிற்றாரை அப்படியே மறுபக்கம் திருப்பிப் பிடித்தார். தடித்த தந்திகள் கீழே போய்விட்டன. அவற்றை விரல்களாலும் மெல்லியவற்றைப் பெருவிரலாலும் மீட்டினார். திருமணத்தின் பின் நெடுங்காலம் கிற்றாரைத் தொடாதிருந்த அவர், வேலை செய்த வீடொன்றில் மீண்டும் வாசிக்கத் தொடங்கினார். 1958இல் முதல் இசைத்தட்டு வெளிவந்தபோது அறுபதைத் தாண்டியிருந்தார். 1985இல் கிராமி விருதும் கிடைத்தது. வயது போய்விட்டது என்று தயங்கும் சகோதரிகளும் இதைக் கவனிக்கலாம்.

இனித் தந்திகளுக்கு வருவோம். தடித்ததிலிருந்து மெல்லியது வரை ஈ, ஏ, டீ, ஜீ, பீ, ஈ என ஆறு. ஆனால் எண்ணும்போது மெல்லியதே முதலாம் தந்தி, தடித்தது ஆறாம் தந்தி. கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகளைப் பிரெட் என்பர். விரலைக் கம்பியின் மேலே வைக்காமல், அதை ஒட்டித் தலைப்பக்கமாக அழுத்த வேண்டும். தள்ளி அழுத்தினால் தந்தி இரையும், பலமும் வீணாகும்.

முதல் சில கிழமைகள் விரல்நுனி நோகும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். பாத்திரம் கழுவி, உடுப்புத் தோய்த்த கையோடு உடனே பழக உட்காராதீர்கள். ஊறிய தோலில் தந்தி வெட்டும். வேலை தொடங்குமுன் பத்து நிமிடம் போதும். நைலோன் தந்திக் கிற்றார் விரலுக்கு இதமானது. ஆனால் அதில் உலோகத் தந்தி பூட்டக்கூடாது, இழுவை தாங்காது.

மேலைத்தேய இசைக்குறியீடு தெரியாதே என்ற பயமும் வேண்டாம். டப் என்றொரு முறை உண்டு. கிடையாக ஆறு கோடுகள், கோட்டின் மேல் இலக்கங்கள். இலக்கம் எத்தனையாவது பிரெட் என்பதைக் காட்டும். பூச்சியம் என்றால் அழுத்தாமல் மீட்டுவது. கீழ்க்கோடுதான் தடித்த தந்தி. கிற்றாரை மடியில் மல்லாத்தி வைத்துப் பாருங்கள், தடித்த தந்தி உங்கள் பக்கமாக இருக்கும். படமும் அப்படித்தான். எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதைப் பெரும்பாலான டப் காட்டாது. ஆகையால் பாட்டை முதலில் காதால் கேட்டிருக்க வேண்டும்.

கோர்ட் படத்தில் கோடுகள் நிமிர்ந்து நிற்கும். இடது ஓரம் தடித்த தந்தி, புள்ளியிட்ட இடத்தில் விரல். ஈ மைனருக்கு ஐந்தாம், நான்காம் தந்திகளின் இரண்டாம் பிரெட்டில் நடுவிரலும் மோதிரவிரலும். அதே இரு விரல்களையும் நான்காம், மூன்றாம் தந்திகளுக்கு நகர்த்தி, சுட்டுவிரலை இரண்டாம் தந்தியின் முதல் பிரெட்டில் வைத்தால் ஏ மைனர். இதில் ஆறாம் தந்தியைத் தொடக்கூடாது. இவ்விரண்டுக்கும் மாறி மாறிப் போய்வந்தாலே கை பழகிவிடும்.

மூன்றாம் கிழமை அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். கொட்டனைப் போலத் திருப்பிப் பிடிக்க அவள் விரும்பவில்லை. ஆகவே நிலையத்து நைலோன் கிற்றாரொன்றில் தந்திகளை இடம்மாற்றிப் பூட்டினோம். தலைப்பக்கத்தில் தந்திகள் தங்கும் சிறு துண்டின் வெட்டுகள் பொருந்தாததால் திருத்துபவரிடம் அதை மாற்றிக்கொண்டோம். டப் அப்படியே பொருந்தியது. கோர்ட் படங்களைத்தான் கண்ணாடியில் பார்ப்பதுபோல இடம்வலம் மாற்றி, அவளே தன் கொப்பியில் வரைந்தாள்.

இப்போது ஏ மைனருக்கு என்னைவிட விரைவாக மாறுகிறாள். யாராவது தவறி அந்தக் கிற்றாரை எடுத்தால் அறையின் மறுபக்கத்திலிருந்து "அது என்ர!" என்று குரல் வரும்.